எட்டயபுரத்திலிருந்து ஐம்பத்தேழு பேருக்கு

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் சென்றிருக்கும் உறுப்பினர்களுக்கு,



கரிசல்காட்டு ஊர்களில் அரசு மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குடியிருப்பது எட்டயபுரம். எந்தக் கட்சியிலும் இல்லை. மக்களவைக்கு 39, மாநிலங்களவைக்கு 18, ஆக 57 பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒருவருக்கு மட்டும் எழுதினால் ரோடு, குடிநீர்த் தொட்டி மாதிரி தொகுதி மனுவோடு மனுவாகப் போய்விடும்.

2021 மே மாதம், கோவிட் இரண்டாம் அலையின்போது, ஆள் போதவில்லை என்று ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டார்கள். போனேன். பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றில் ஊசி முகாம். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் ஐந்து மில்லி இருக்கும். ஆளுக்கு அரை மில்லி. கணக்குப்படி பத்துப் பேர். திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அடைக்கும்போதே கொஞ்சம் கூடுதலாகத்தான் அடைத்திருப்பார்கள். கை நிதானமுள்ள நர்ஸம்மா ஒருவர் இருந்தார். குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசி முனையை ரப்பர் மூடியை ஒட்டி இறக்கி, ஒரு காற்றுக்குமிழி கூட ஏறாமல் இழுப்பார். பதினோராவது ஆளுக்கும் சரியாக அரை மில்லி வந்துவிடும். அப்படி ஒரு டோஸ் மிச்சமாகும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து வாசலைப் பார்ப்பார். வாசலில் இருநூறு பேருக்கு மேல் நிற்பார்கள். எங்களுக்கு வந்திருந்ததோ ஐந்து குப்பி.

தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண் ஒருத்தி மூன்றாவது நாளாக வந்திருந்தாள். "அண்ணாச்சி, இன்னைக்காவது டோக்கன் உண்டா? நாளைக்கும் லீவு போட்டா வாரச் சம்பளத்துல ஒண்ணுமே மிஞ்சாது" என்றாள். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். பதினோராவது டோஸும் அதற்குள் போய்விட்டிருந்தது. அவளுக்கு நான் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இத்தனை வருஷம் கழித்து உங்களிடம் கேள்வியாகக் கேட்கிறேன். ஊசி எப்படிச் செய்வது என்பது தெரிந்துவிட்ட பிறகும், அதைச் செய்யக்கூடிய இடங்கள் நாட்டில் இருந்தும், ஏன் ஐந்து குப்பிதான் வந்தது?

அந்த மாத விலைகள் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஏப்ரல் 21 அன்று, கோவிஷீல்டைத் தயாரித்த சீரம் நிறுவனம், அதற்கு மாநில அரசுகளுக்கு 400 ரூபாய், தனியார் மருத்துவமனைகளுக்கு 600 ரூபாய் என்று அறிவித்தது. ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய்க்குக் கொடுத்துவந்த அதே ஊசி. கண்டனம் கிளம்பவே மாநில விலை 300 ஆனது. பாரத் பயோடெக்கின் கோவாக்சின் மாநிலங்களுக்கு 600 என்று வந்து 400-க்கு இறங்கியது, தனியாருக்கு 1,200. ஒரே மருந்துக்கு யார் வாங்குகிறார்கள் என்பதைப் பார்த்து மூன்று விலை. மே 1 முதல் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாநிலங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். தமிழ்நாடு மூன்றரைக் கோடி டோஸுக்கு உலகளாவிய டெண்டர் விட்டது. ஒரு நிறுவனம்கூட விலைப்புள்ளி தரவில்லை. கையில் பணம் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய மாநிலம் நம்முடையது. ஜூன் 21 முதல் ஒன்றிய அரசே வாங்கித் தரும் என்று முடிவு மாறியது. அதற்குள் இரண்டாம் அலை எடுத்துப் போக வேண்டியவர்களை எடுத்துப் போயிருந்தது.

என் கேள்விக்குப் பதில் தேடும்போது எங்கள் ஊரின் பழைய கதை ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊரைத் தெரியாதவர்கள் உங்களில் இருக்க மாட்டார்கள். பாரதி பிறந்த ஊர். டிசம்பர் 11-க்கு மாலையோடு வருகிறவர்கள் உண்டு. அவருக்கு இங்கே எழுப்பிய மணிமண்டபத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கல்கி முன்னின்று ஊர் ஊராகப் பணம் திரட்டிக் கட்டியது அது. 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்துவைத்தார். ஊரார் காசில் மண்டபம் எழுந்த அந்த நாளில், பாரதியின் பாட்டை இசைத்தட்டில் பதியவும் படத்தில் சேர்க்கவும் உள்ள உரிமை ஊராரிடம் இல்லை. பாரதியின் மறைவுக்குப் பிறகு அது கைமாறிக்கொண்டே வந்தது. இசைத்தட்டு உரிமையை 1934-இல் வாங்கியவர் ஒரு வடநாட்டு வியாபாரி, அவரிடமிருந்து ஏ.வி.எம். நிறுவனத்தின் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் வாங்கினார். டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றபோது ஏ.வி.எம். தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்தது. சட்டப்படி அதில் தப்பேதும் இல்லை. பணம் கொடுத்து வாங்கிய உரிமை.

எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். நாரண துரைக்கண்ணன் முதலானோர் பாரதி விடுதலைக் கழகம் என்றே ஒன்று தொடங்கி, பாட்டைப் பொதுவாக்கு என்று ஊர் ஊராகப் பேசினார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த அரசு 1949-இல் அந்த உரிமைகளை எடுத்துக்கொண்டது. மெய்யப்பச் செட்டியார் காசு கேட்காமல் விட்டுக்கொடுத்தார். பாரதியின் குடும்பத்துக்கு அரசு பணம் கொடுத்தது. பிறகு சில ஆண்டுகளில் அந்த உரிமை மக்களுக்கே விடப்பட்டது. ஒரு கவிஞனின் எழுத்தை அரசு வாங்கி, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம் என்று திறந்துவிட்டது அதுவரை கேள்விப்படாத காரியம்.

பாட்டும் ஊசியும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. பாட்டுக்கு உள்ளது பதிப்புரிமை, மருந்துக்கு உள்ளது பேட்டன்ட். தமிழில் இரண்டையுமே காப்புரிமை என்று எழுதிவிடுகிறோம், அதனால் குழப்பம் வருகிறது. நான் எடுத்துக்கொள்வது அந்த அரசு நடந்துகொண்ட விதத்தை. உரிமையாளரைத் திருடன் என்று சொல்லவில்லை. உரிமையைப் பிடுங்கிக்கொண்டு வெறுங்கையாக அனுப்பவுமில்லை. சட்டம் அப்படி, நாங்கள் என்ன செய்ய என்று ஒதுங்கி நிற்கவுமில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, திறக்க வேண்டியதைத் திறந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் தடுப்பூசிக்கும் இதைத்தான் கேட்கிறேன்.

காப்புரிமையே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். மருந்து விற்றுப் பிழைத்தவர்களோடுதான் என் காலம் போனது. பத்து ஆராய்ச்சியில் ஒன்பது வீணாகும், அந்த ஒன்பதுக்கும் யாரோ காசு போட்டிருக்கிறார்கள். இருபது ஆண்டு உரிமை அதற்கான கூலி. ஆனால் இந்த நாடு அந்தக் கூலியை ஒரு காலத்தில் வேறு மாதிரி அளந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்கார் 1959-இல் கொடுத்த அறிக்கையை வைத்துத்தான் 1970-இல் நம் காப்புரிமைச் சட்டம் வந்தது. மருந்தைச் செய்யும் முறைக்கு உரிமை உண்டு, மருந்துக்கே கிடையாது என்றது அது. ஒருவன் ஒரு வழியில் செய்தால் இன்னொருவன் வேறு வழி கண்டுபிடித்துச் செய்யலாம். நம் ஊர் மருந்துக்கடைகளில் மாத்திரை மலிவாகக் கிடைத்ததற்கு அந்தச் சட்டம் பெரிய காரணம். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு விற்ற கூட்டு மருந்தை 2001-இல் 350 டாலருக்குத் தருகிறேன் என்று சிப்லா நிறுவனம் சொல்ல முடிந்ததும் அதனால்தான். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005-இல் சட்டத்தைத் திருத்தி மருந்துக்கும் உரிமை கொடுத்தோம். கொடுத்தபோதும் இரண்டு சாவிகளைக் கையில் வைத்துக்கொண்டோம். 92-ஆம் பிரிவு: தேசிய நெருக்கடி என்று ஒன்றிய அரசு அறிவித்தால், உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும், உரிய தொகை கொடுத்து மற்றவர்கள் தயாரிக்க உரிமம் பெறலாம். 100-ஆம் பிரிவு: அரசே தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கட்டாய உரிமம் என்றால் வானம் இடிந்து விழும் என்பவர்களுக்கு 2012-இல் நடந்ததைச் சொல்லுங்கள். பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்து நெக்சாவர் மாதத்துக்கு 2,80,000 ரூபாய். 84-ஆம் பிரிவின்கீழ் ஹைதராபாத்தின் நாட்கோவுக்கு உரிமம் கொடுத்தார்கள். விலை 8,880 ரூபாய்க்கு வந்தது. பேயருக்கு விற்பனையில் ஆறு சதவீதம் பங்கு. எந்த நிறுவனமும் நாட்டைவிட்டு ஓடிவிடவில்லை.

இப்போது 2021-க்கு வாருங்கள். 2020 அக்டோபர் 2 அன்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் ஒரு கோரிக்கை வைத்தன: கோவிட் தீரும்வரை தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவிகள் மீதான காப்புரிமை விதிகளை நிறுத்திவையுங்கள். இந்தியன் என்று சொல்லிக்கொள்ள நான் பெருமைப்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கா 2021 மே 5 அன்று தடுப்பூசிக்கு மட்டும் சரி என்றது. அதே நேரம் இங்கே டெல்லியில் என்ன நடந்தது? ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் கேட்டது, 92, 100 பிரிவுகளை ஏன் பயன்படுத்தவில்லை என்று. அரசு மே மாதம் பிரமாணப் பத்திரத்தில் பதில் சொன்னது: மூலப்பொருள் தட்டுப்பாடுதான் முக்கியத் தடை, அந்தப் பிரிவுகளைப் பயன்படுத்தினால் எதிர்விளைவுதான் உண்டாகும். வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறக்கச் சொல்லித் தட்டிக்கொண்டிருந்தோம். நம் வீட்டுச் சாவி மடியிலேயே இருந்தது. இந்த முரணைப் பற்றி உங்கள் அவைகளில் யாராவது விடாமல் கேட்டிருக்க வேண்டும் என்பது என் வருத்தம்.

அரசின் பதிலில் உண்மையும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. காப்புரிமையைத் திறந்துவிட்டால் மறுநாள் ஊசி கொட்டாது. இதைப் புரிந்துகொள்ள எங்கள் கோவில்பட்டிக் கடலைமிட்டாயைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2020 ஏப்ரல் 30 அன்று, ஊரடங்கில் கடை அடைத்துக் கிடந்தபோது, அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலையும் வெல்லமும் எல்லா ஊரிலும் உண்டு. மதுரைக்காரர் கடலைமிட்டாய் போடலாம், யாரும் தடுக்க முடியாது. கோவில்பட்டி என்று பெயர் போட்டுக்கொள்ளத்தான் முடியாது. காப்புரிமை அப்படியில்லை, அது பண்டத்தையே செய்யாதே என்கிறது. ஆனால் எந்தத் தடையும் இல்லாமல் செய்முறையை எழுதிக் கையில் கொடுத்தாலும், பாகுப்பதம் எழுத்தில் வராது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்து, இப்போது கடலையைக் கொட்டு என்று மாஸ்டர் சொல்வார். ஒரு நொடி முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், பிந்தினால் கருகும். அந்தக் கையோடு வேலை பார்த்துத்தான் பழக வேண்டும்.

தடுப்பூசியிலும் அதுதான். மாடர்னா நிறுவனம் 2020 அக்டோபரிலேயே, கொள்ளைநோய் முடியும்வரை காப்புரிமையை வைத்து யார் மீதும் வழக்குப் போட மாட்டோம் என்று அறிவித்தது. யாரும் உடனே செய்துவிடவில்லை. செய்முறைப் பக்குவத்தை அது சொல்லித் தரவில்லை. கேப்டவுனில் ஆஃப்ரிஜென் என்ற சிறு நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, வெளியாகியிருந்த விவரங்களை வைத்தே தட்டுத்தடுமாறி 2022 தொடக்கத்தில் அதைப் போன்ற ஒன்றைச் செய்து காட்டியது. கூட நின்று சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த ஒரு வருஷம் மிஞ்சியிருக்கும். மாறாக, இங்கே கோவிஷீல்டாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஊசியின் பக்குவத்தை ஆஸ்ட்ராஜெனெகா சீரத்துக்கு முழுசாகக் கற்றுக்கொடுத்தது, அதனால்தான் எங்கள் முகாமுக்கு அந்த ஐந்து குப்பியாவது வந்தது. ஆனால் ஒரே வாசல். அந்த வாசலையே உலகத்தின் பாதி ஏழை நாடுகளும் நம்பியிருந்தன. இங்கே அலை அடித்ததும் ஏற்றுமதியை நிறுத்தினோம். ஆப்பிரிக்காவில் முதல் ஊசி போட்டவர்கள் இரண்டாவதற்கு மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். நம்மைக் குறை சொல்லவும் முடியவில்லை, அவர்கள் முகத்தில் விழிக்கவும் முடியவில்லை.

ஜெனீவாவில் முடிவு வந்தது 2022 ஜூன் 17 அன்று. தடுப்பூசிக்கு மட்டும், ஐந்து ஆண்டுகளுக்கு, பல நிபந்தனைகளோடு. மருந்தையும் பரிசோதனைக் கருவியையும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளினார்கள், கடைசிவரை பார்க்கவில்லை. அதற்குள் ஊசி குளிர்பெட்டிகளில் தேங்கிக் காலாவதியாகிக்கொண்டிருந்தது. புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்கு அண்ணாந்து பார்க்கிற ஊர் இது. பயிர் காய்ந்தபின் தை மாதம் பெய்கிற மழை எதற்கும் ஆகாது, களத்தில் கிடக்கும் கதிரையும் அழித்துவிட்டுப் போகும் என்று எங்கள் ஊர்ச் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

கோவாக்சின் கதையில் நம் பங்கு இன்னும் அதிகம். வைரஸைப் பிரித்தெடுத்துக் கொடுத்தது புனேயில் உள்ள அரசின் ஆய்வுக்கூடம். ஊசிக்குக் கூட்டு உரிமையாளர் ஒன்றிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். விற்பனையில் ஐந்து சதவீதம் அதற்கு ராயல்டி. 171 கோடி ரூபாய் வந்திருப்பதாக 2022-இல் மாநிலங்களவையிலேயே பதில் சொன்னார்கள். ஆக, மற்றவர்களும் தயாரிக்கட்டும் என்று சொல்ல அமெரிக்காவையோ சுவிட்சர்லாந்தையோ கேட்க வேண்டியதில்லை. கடைசியில் மும்பை, ஹைதராபாத், புலந்த்ஷகர் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று பொதுத்துறை நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பம் கொடுக்க முடிவெடுத்தது 2021 ஏப்ரலில், சுடுகாட்டில் வரிசை நின்ற நேரத்தில். ஆலையைத் தயார் செய்யவே மாதங்கள் ஆகும் என்பது தெரியாதவர்களா அவர்கள்? பின்னொரு வேடிக்கையான வேதனை: அந்த ஊசிக்கான காப்புரிமை விண்ணப்பத்தில் ஐ.சி.எம்.ஆர். பெயரே இல்லை என்பது 2024-இல் தெரியவந்தது. கவனக்குறைவு என்று சொல்லித் திருத்தினார்கள். நம் வயலில் விளைந்ததற்குப் பட்டாவில் நம் பெயர் விடுபட்டதை நான்கு வருஷம் யாரும் பார்க்கவில்லை.

அந்த மூன்று நிறுவனங்களின் பட்டியலில் தமிழ்நாடு இல்லை. நமக்கு இடமில்லாமலா? குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-இல் தொடங்கியது. கிண்டியில் பி.சி.ஜி. ஊசி ஆய்வுக்கூடம் 1948 முதல் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குழந்தைகளுக்குப் போட்ட ஊசிகளின் பெட்டியில் அந்த இரண்டு ஊர்ப் பெயர்களைத்தான் பார்த்திருக்கிறேன். 2008 ஜனவரியில், தயாரிப்புத் தரம் போதாது என்று, இமாச்சலத்தின் கசௌலியோடு சேர்த்து இந்த இரண்டின் உரிமங்களையும் நிறுத்திவைத்தார்கள். தரம் குறைந்தால் சீர் செய்ய வேண்டியதுதான், அதில் எனக்கு மாறுபாடு இல்லை. சீர் செய்து முடிக்கும்வரை ஓடவிட்டிருக்கலாம். 2010-இல் தடை நீங்கினாலும் இழந்த வேகம் திரும்பவில்லை. செங்கல்பட்டு திருமணியில் நூறு ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் என்று 2012-இல் 594 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். கட்டடம் எழுந்தது, இயந்திரங்கள் வந்தன. 2021 மே கடைசியில் முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தபோது அங்கிருந்து ஒரு டோஸ்கூட வெளியே வந்திருக்கவில்லை. மாநிலத்துக்குக் குத்தகைக்குக் கொடுங்கள் என்று கேட்டார், கிடைக்கவில்லை. அன்றைக்கு எங்கள் வகுப்பறை வாசலில் நின்ற இருநூறு பேருக்கும் செங்கல்பட்டில் பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்துக்கும் நடுவே இருந்தது ஒரு இரவுப் பயணத் தூரம்.

இன்னொரு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்குக் கோர்பிவேக்ஸ் என்ற கோவிட் ஊசி இருக்கிறது. டெக்சாஸில் பீட்டர் ஹோடெஸ், மரியா எலேனா பொட்டாஸி என்ற இரண்டு விஞ்ஞானிகளின் குழு காப்புரிமை எடுக்காமலே உருவாக்கி, ஹைதராபாத்தின் பயலாஜிக்கல் இ நிறுவனத்துக்குக் கற்றுக்கொடுத்தது. 2021 டிசம்பர் 28-இல் அனுமதி கிடைத்தது. 12 வயதுப் பிள்ளைகளுக்கு நம் பள்ளிகளில் போட்டது அதுதான். பிள்ளைகள் வரிசையில் ஏமாறவில்லை.

2025 மே 20 அன்று உலக சுகாதாரப் பேரவையில் கொள்ளைநோய் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. அடுத்த கொள்ளைநோய் வந்தால் அந்த ஏற்பாட்டில் சேரும் தயாரிப்பாளர்கள் உற்பத்தியில் இருபது சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும், அதில் பாதியாவது நன்கொடையாக, என்கிறது அது. தொழில்நுட்பத்தைப் பகிர்வது மட்டும் பரஸ்பர சம்மதத்தின்பேரில். பாகுப்பதத்தைச் சொல்லித்தருவது மனமிருந்தால் என்று அர்த்தம். அங்கே நம்மால் முடிந்தது அவ்வளவு. இங்கே முடிவது அதைவிட அதிகம், அது உங்கள் கையில் இருக்கிறது.

அரசுப் பணமோ, அரசு ஆய்வுக்கூடத்தின் வைரஸோ எந்தத் தனியார் நிறுவனத்துக்குப் போனாலும், கையெழுத்துப் போடும் அன்றைக்கே ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கட்டும்: கொள்ளைநோய் என்று அரசு அறிவித்தால் இத்தனை நாளுக்குள், குறிப்பிட்ட ராயல்டிக்கு, தகுதியுள்ள பிற ஆலைகளுக்கும் உரிமம், ஆட்களை அனுப்பிக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும். ஒப்பந்தத்தை அவையில் வைக்கச் சொல்லுங்கள், நாங்களும் படிக்கிறோம். 92-ஆம் பிரிவை எப்போது, எத்தனை நாளில், என்ன தொகைக்குப் பயன்படுத்துவது என்று நோய் இல்லாத இந்தக் காலத்திலேயே விதி எழுதச் சொல்லுங்கள். நெருக்கடி வந்தபின் அதிகாரிகள் தயங்குவார்கள், அவர்கள்மேல் குற்றமில்லை. குன்னூர், கிண்டி, செங்கல்பட்டு மூன்றும் இன்றைக்கு என்ன தயாரிக்கின்றன, நாளைக்கே ஒரு புது ஊசி செய்யச் சொன்னால் எத்தனை நாளாகும் என்று நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கேளுங்கள். 57 பேரும் கட்சி பார்க்காமல் கேட்டால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் பெண்ணுக்கு ஜூலையில் ஊசி கிடைத்தது. ஜூன் முதல் வாரத்தில் அவளுடைய அம்மா இறந்துபோனார்.

டிசம்பர் 11 அன்று உங்களில் சிலர் வழக்கம்போல எட்டயபுரம் வருவீர்கள். மணிமண்டப வாசலில் நிற்பேன். மாலையோடு, நீங்கள் கேட்ட கேள்வியும் அமைச்சர் சொன்ன பதிலும் அச்சடித்த தாள் ஒன்றையும் கொண்டுவாருங்கள். அந்த நர்ஸம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
எட்டயபுரம்